ஆணி அடித்த விலாசம்

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த வாரம், சாலை மறியலுக்காகப் புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டபோது, அந்த மரங்களில் குடியிருந்த பேய்கள் கள்ளக்குறிச்சிக்கு வாடகைக்கு வந்துவிட்டன. ஒற்றை அறைக்கு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அறுபது கேட்டார்கள். அறுபதும் கிடைத்தது. சின்னசேலம் ரோட்டிலும் சங்கராபுரம் ரோட்டிலும் நின்றவை வெள்ளைக்காரன் காலத்து மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ இருந்தது ஊருக்கே தெரிந்த விஷயம். மரத்தை வெட்டினால் அதுகள் எங்கே போகும் என்று ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் போலீஸ் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், போலீஸ் போராடியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்டுண்ட கிளைகளுக்கு நடுவிலிருந்து கசங்கிய புடவையும் கிழிந்த வேட்டியுமாக எழுந்து டவுன் பக்கம் போனவர்களை இரண்டு தரப்புமே கவனிக்கவில்லை. பஸ் ஓடாத வாரம் என்பதால் தலையில் மூட்டையோடு ரோட்டில் போகிற கூட்டம் ஏற்கெனவே நிறைய இருந்தது.

அவர்களில் ஒருத்தி நைனார்பாளையம் ரோட்டுப் புளியமரத்துக்காரி. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்லித் தொலைக்கிறேன். ஒரு பெண்ணுக்குக் காத்து, அதாவது பேய், பிடித்துவிட்டது என்றால் பூசாரியைக் கூப்பிடுவார்கள். அவன் உடுக்கையடித்து, வேப்பிலையால் அவளையும் அடித்து, யார் நீ, எந்த ஊர், எதற்கு வந்தாய், எப்போது போவாய், போவதற்கு என்ன வேண்டும் என்று கேட்பான். பதில் வந்ததும் அவள் உச்சந்தலையில் ஒரு கற்றை முடியைப் பிடித்து முடிச்சுப் போட்டு, புளியமரம்வரை இழுத்துப்போய், அந்த முடியை மரத்தோடு வைத்து ஆணி அடித்து அறுத்துவிடுவான். பெண் வீட்டுக்குத் திரும்புவாள், பேய் மரத்தில் தங்கும். ஆணி எங்கே இறங்குகிறதோ அதுதான் அதற்கு இடம். அதற்குச் சம்மதமா என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கோடாலி விழுந்து மரம் பிளந்தபோது அந்த ஆணி தெறித்துக் கீழே விழுந்தது. புளியமரத்துக்காரி அதைப் பொறுக்கி, அதில் சுற்றியிருந்த முடியோடு முந்தியில் முடிந்துகொண்டு, முப்பது வருஷம் கழித்து அந்த இடத்தைவிட்டு நகர்ந்தாள்.

மந்தைவெளித் தெருவில் இட்லி சுட்டு விற்கும் தைலம்மாள் தன் பின்கட்டு அறையை அவளுக்கு விட்டாள். பேர் கேட்டதற்கு அவள் விழித்தாள். தைலம்மாளே அமிர்தம் என்று வைத்தாள். அது செத்துப்போன நாத்தனார் பேர். திட்டிக் கூப்பிட்டுப் பழகிய பேர் என்பதால் வாயில் சுலபமாக வந்தது. அமிர்தத்தின் பாதம் தரையில் படாது, கட்டைவிரல் உயரத்துக்கு மேலேயே நிற்கும். புடவையை இறக்கிக் கட்டியதில் அதுவும் தெரியவில்லை. நெல் மில்லில் வேலை கிடைத்தது. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் துழாவிக் காயவிட வேண்டும். இவள் கால்தான் படாதே, அதனால் பலகை வைத்துத் துழாவினாள். மற்றவர்கள் காலில் நெல் உடைகிறது, இவளால் ஒரு நெல்லும் உடையவில்லை என்று மில்காரருக்குத் திருப்தி. ஒரே குறை, அவள் இருக்கிற இடத்தில் புளியமரத்துக் காற்று சுற்றிக்கொண்டே இருக்கும். அறையில் வைத்த பால் திரிந்துபோகும். தைலம்மாள் முதல் இரண்டு மாசம் மூக்கால் அழுதாள். பிறகு மார்கழி வந்தது. பனியில் எந்த வீட்டிலும் மாவு புளிக்கவில்லை. இடமில்லாமல் அமிர்தத்தின் அறையில் வைத்த மாவு மட்டும் விடிவதற்குள் பானையை விட்டு வழிந்திருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? தெருவிலிருக்கிற மாவுப் பானை அத்தனையும் பொழுது சாய்ந்ததும் அந்த அறைக்கு வந்தன. தை முடிகிறவரை அமிர்தத்தைப் போல உண்டா என்றுதான் பேச்சு.

மாசியில் வெயில் ஏறியது. மாவு அவரவர் வீட்டிலேயே புளித்தது. உடனே எல்லோருக்கும் அவள் பேய் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

கிருஷ்ணாயில் தட்டுப்பாடு அதற்கு ஒரு சாக்கு. ரேஷன் கடை வரிசை நீண்டுபோனதற்குப் பேய்கள்தான் காரணம் என்றார்கள். இத்தனைக்கும் கார்டு இல்லாமல் அவர்களுக்கு ஒரு சொட்டு கிடையாது. பேய்களிலும் விவரமானவர்கள் இருந்தார்கள். ஊரில் எத்தனையோ வீட்டுக் கார்டில் செத்தவர்கள் பேர் நீக்காமல் கிடக்கிறது, அந்தச் சர்க்கரை எங்களுக்குத்தான் சேர வேண்டும் என்று நியாயம் பேசினார்கள். செத்தவர் பேரில் சர்க்கரை வாங்குவது உயிரோடிருப்பவர் உரிமை என்று இவர்கள் கிளம்பினார்கள். வருஷம் முழுக்க யாருக்கு எத்தனை பங்கு என்று பேசிப் பேசி நாக்கு பழகிப்போயிருந்த ஊர் அது. கடைசியில் மந்தைவெளித் தெருவில் கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் செய்தார்கள்: ரேஷன் கார்டு இருந்தால் ஆள், இல்லாவிட்டால் காத்து. பங்குனி உத்திரத்தன்று பொழுது சாய்வதற்குள் கார்டு காட்டாதவர்களை ஏரிக்கரையில் மிச்சமிருக்கும் ஒற்றைப் புளியமரத்தில் பூசாரி மாயவன் ஆணி அடித்துவிட வேண்டும். மாயவன்தான் முப்பது வருஷத்துக்கு முன்னால் அமிர்தத்தை நைனார்பாளையம் ரோட்டு மரத்தில் அடித்தவன். இப்போது அவனுக்குக் கை நடுக்கம். ஒரே மரத்தில் இத்தனை பேரா, குறி தவறினால் என் மேல் பழி வரும் என்று முணுமுணுத்தான். மற்ற பேய்களெல்லாம் விஷயம் தெரிந்ததும் லாரி ஏறிச் சேலம் பக்கம் போய்விட்டன. அமிர்தம் போகவில்லை. முப்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் ஒரே கிளையில் இருந்தவளுக்கு, நாலு சுவரும் ஒரு கதவும் உள்ள அறை கிடைத்திருந்தது. கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்ளலாம் என்பதே அவளுக்கு ஆச்சரியம். திரும்பி மரத்துக்குப் போக மாட்டேன் என்றாள்.

அதனால் கார்டு கேட்டு ஆபீஸுக்குப் போனாள். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். என் கார்டும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அங்கே இன்ஸ்பெக்டர் தீனதயாளன் இருந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. மூன்று ஆள் வேலையை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அவ்வளவுதான்.

"பேரு?"

"அமிர்தம்னு கூப்புடறாங்க சார்."

"கூப்புடறது இருக்கட்டும். எந்த ஊரு?"

"புளியமரம்."

"அதுக்கு முன்ன?"

"நைனார்பாளையத்துல மூணு வருசம் இருந்தேன். ஒரு பொண்ணுகிட்ட."

"இன்னா சாதி?"

"மறந்துபோச்சி சார். செத்ததும் மொதல்ல மறந்தது அதான்."

தீனதயாளன் பேனாவைக் கீழே வைத்தார். அந்த வருஷம் முழுக்க அந்த ஆபீஸில் அந்த ஒரு கேள்விக்குத்தான் ஜனங்கள் கேட்காமலே பதில் சொன்னார்கள். "பெத்தவன் பேர மறந்தவன்கூட அத மறக்கமாட்டாம்மா," என்றார். சலித்துப்போய், சரி, இப்போது உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். அமிர்தத்துக்கு யார், எந்த ஊர், என்ன வேண்டும் என்று இதே வரிசையில் கேள்வி கேட்பவர்களைப் பார்த்துப் பழக்கம் உண்டு. பழைய ஞாபகத்தில், ஒரு கருப்புக் கோழி, ஒரு படி பொரி, ஒரு பாட்டில் சாராயம் என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற பியூன், இந்த ஆபீஸில் கோழியெல்லாம் வாங்குவதில்லை என்று கோபித்துக்கொண்டான். நாளைக்கு வா என்றார்கள். நாளைக்கும் நாளைக்கு வா என்றார்கள். வேப்பிலையடி எவ்வளவோ தேவலை என்று அமிர்தம் தைலம்மாளிடம் சொன்னாள். பூசாரி ஒரே அமர்க்களமாக ஒரு பகலில் முடித்துவிடுவான்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் தினமும் நின்றவன் காசிநாதன். உயிரோடிருக்கிற கூலிக்காரன். போராட்ட வாரத்தில் யாரோ வைத்த தீயில் அவன் குடிசையும், குடிசையில் செருகி வைத்திருந்த கார்டும் எரிந்துபோயின. ஊர்த் தீர்மானப்படி அவனும் காத்துதான். "உனுக்காவது செத்தது கன்பார்ம்," என்று அவன் அமிர்தத்திடம் சொன்னான். "நான் இன்னும் சாவல. அத்த எந்த சர்டிபிகேட்ட வச்சிக் காட்டறது?" அவனும் அவளும் ஆபீஸ் வாசல் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, அவன் கொண்டுவந்த கூழைப் பங்குபோட்டுக் குடித்தார்கள். அவள் குடித்ததில் கூழ் கொஞ்சம் புளித்தது. அவன் அதையும் குடித்தான்.

தீனதயாளன் ஒரு நாள் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். கல்வராயன் மலையில் ஜாகீர்தார்கள் ஆண்ட காலத்துக் குடும்பங்களுக்குப் பழைய ரெக்கார்டு அவ்வளவாகக் கிடையாது, அங்கே ஊர்க்கவுண்டர் வாய்ச்சொல்லே போதும், மலையில் பிறந்தவள் என்று ஒரு கடிதம் வாங்கி வா, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறேன் என்றார். அமிர்தம் கச்சிராயபாளையம்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மலையேறினாள். கால் படாதவளுக்கு மேடு என்ன, பள்ளம் என்ன. ஊர்க்கவுண்டர் அவளை உட்கார வைத்து, சாமைச் சோறும் தேனும் கொடுத்து, முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"எங்க மலைல இருக்கறதுங்க ஒண்ணொண்ணையும் எங்களுக்குத் தெரியும்மா. எல்லாம் கடுக்கா மரத்துல இருக்கறது. உன் மேல புளி வாசனை அடிக்குது," என்றார். "கீழ்நாட்டுக்காரங்க எங்க சாதி பேருல சர்டிபிகேட்டு வாங்க மலையேறறதே இப்ப ஜாஸ்தி. உசுரோட இருக்கறவங்களுக்கே இல்லன்னு சொல்லிக்கினு இருக்கேன். செத்தவங்களுக்குக் குடுத்தா என்ன சும்மா வுடுவாங்களா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வழிக்கு ஒரு சீசா தேன் கொடுத்து அனுப்பினார். மலையிறங்குவதற்குள் அது புளித்துவிட்டது.

பங்குனி பிறந்தது. காசிநாதனுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான். வில்லங்கமெல்லாம் அப்படித்தானே வருகிறது. நைனார்பாளையத்தில் மூன்று வருஷம் இருந்தாயே, அப்போது உன்னை எல்லோரும் என்னவென்று கூப்பிட்டார்கள் என்று கேட்டான். சின்னப்பொண்ணு என்று கூப்பிட்டார்கள் என்றாள் அமிர்தம். அது அவள் பிடித்திருந்த பெண்ணின் பேர். புருஷன் என்று யாராவது இருந்தானா என்று கேட்டான். தெய்வசிகாமணி என்று ஒருவர், ஆனால் பயந்து மாட்டுக் கொட்டகையில்தான் படுப்பார் என்றாள். அப்புறம் என்ன, பேர், ஊர், புருஷன் எல்லாம் இருக்கிறதே என்று காசிநாதன் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுத வைத்தான். இந்தத் தடவை ஆபீஸ் சுறுசுறுப்பாக வேலை செய்தது. நைனார்பாளையம் தெய்வசிகாமணி மனைவி சின்னப்பொண்ணு பேரில் ஏற்கெனவே கார்டு இருக்கிறது, ஒரே ஆளுக்கு இரண்டு கார்டு கேட்பது மோசடி, இரண்டு பக்கத்தாரும் நேரில் வர வேண்டும் என்று தாக்கீது போனது. தேதியைப் பார்த்தால் பங்குனி உத்திரம். இதற்கென்று பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தது போல.

தாக்கீதைப் படித்ததும் தெய்வசிகாமணி உட்கார்ந்துவிட்டார். ஆறு ஏக்கர் கரும்புக்காரர், கிராமத்தில் நாலு பேர் மதிக்கிற மனுஷர். அவர் கல்யாணம் செய்த புதிதில் சின்னப்பொண்ணு வாயில்லாப் பூச்சி. மாமியார் தின்று மிச்சம் வைத்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் நீராகாரம். நிமிர்ந்து பேசினால் அடி. ஒரு உச்சிப்பொழுதில் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்தவளுக்குள் அமிர்தம் இருந்தாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த வீட்டில் முதல் சோறு சின்னப்பொண்ணுக்குத்தான். மாமியாரை எதிரில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மத்தியானம் தூங்கினாள். வாயைத் திறந்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அப்புறம் ஒரு ஜோடி மாட்டில் ஒன்றை விற்று மாயவனைக் கூட்டிவந்து ஓட்டினார்கள். பெண் சரியாகிவிட்டாள் என்று ஊர் சந்தோஷப்பட்டது. சரியானவள் அதற்குப் பிறகு முப்பது வருஷம் குரலை உயர்த்தவில்லை. மாமியார் செத்தபோது ஒப்பாரிகூடத் தாழ்ந்த குரலில்தான் வைத்தாள். ஒரே மகளைத் திருநாவலூரில் கட்டிக்கொடுத்தார்கள். கார்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

உத்திரத்தன்று காலை இரண்டு பக்கத்தாரும் ஆபீஸில் நின்றார்கள். தைலம்மாள் இட்லிக் கடையை மூடிவிட்டு வந்திருந்தாள். மாயவன் சுத்தியலோடு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் நேரே ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தெருக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். தெய்வசிகாமணி அமிர்தம் இருந்த பக்கமே திரும்பவில்லை. சின்னப்பொண்ணு மெதுவாகக் கிட்டே போய் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இளைச்சிட்ட," என்றாள்.

"நீ நரைச்சிட்ட," என்றாள் அமிர்தம்.

தீனதயாளனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அந்த வீட்டில் மூன்று வருஷம் இருந்தது இவள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அமிர்தம் முந்தியை அவிழ்த்து ஆணியை மேஜைமேல் வைத்தாள். அதில் சுற்றியிருந்த முடி கன்னங்கரேல் என்று, நேற்று எண்ணெய் தடவியது போல இருந்தது. சின்னப்பொண்ணு தலையைக் குனிந்து, நரைத்த முடியை விலக்கி, உச்சியில் காலணா அகலத்துக்கு வழுக்கையாக இருந்த இடத்தைக் காட்டினாள். அந்த முப்பது வருஷமும் அங்கே மட்டும் முடி முளைக்கவே இல்லை. "மூணு வருசம் என்கிட்டதான் சார் குடியிருந்தா," என்றாள். எல்லோரும் காதை நீட்டிக் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவு சின்னக் குரல்.

தீனதயாளன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மோசடி இல்லை, பழைய குடியிருப்பு உண்மை, ஆனால் தனிக் கார்டு கொடுக்க வழியில்லை என்றார். ஒரே ஒரு வழி இருக்கிறது: பழைய வீட்டுக் கார்டிலேயே மூன்றாவது பேராகச் சேர்க்கலாம், குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே முடித்துவிடுவேன், போடாவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை. எல்லோரும் தெய்வசிகாமணியைப் பார்த்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வெளியே சும்மா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான், முறுக்கிக்கொண்டவர் இவர்தான்.

"போடமாட்டேன் சார்," என்றார். "மாட்ட வித்து ஓட்டுனது. மறுபடியும் கையெழுத்துப் போட்டு வூட்டுக்கு அழச்சிக்கினு போறதுக்கு எனுக்கு இன்னா பைத்தியமா?"

"மாமா, ஒரு பேருதானே," என்று காசிநாதன் கெஞ்சினான். தைலம்மாள், அவள் ஒரு பைசா வாடகை பாக்கி வைத்ததில்லை, சோறும் கம்மியாகத்தான் தின்பாள் என்று சொல்லிப் பார்த்தாள். தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார். ஜன்னலுக்கு வெளியே மாயவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றது தெரிந்தது. அமிர்தம் மேஜைமேலிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாதம் வழக்கத்தைவிடத் தாழ்ந்து, தரையைத் தொட்டுவிடும் போல இருந்தது என்று காசிநாதன் பிற்பாடு சொன்னான்.

"சார், ஒரு சந்தேகம்," என்றாள் சின்னப்பொண்ணு.

தீனதயாளன் நிமிர்ந்தார்.

"இவரு கையெழுத்துப் போடலன்னா அவ எங்க போவணும்?"

"ஏரிக்கரை மரத்துக்கும்மா. தெரு ஆளுங்க பண்ண தீர்மானம். எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"மரத்துக்குத்தான் போவணும்னு இருக்குதா? முன்ன இருந்த எடத்துக்கே வரலாமா?"

"எந்த எடம்?"

சின்னப்பொண்ணு தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். "இங்க. இதுக்குக் கார்டு கூடத் தேவையில்ல சார். ஆளு ஒண்ணுதான். இருக்கற பங்கே போதும். எனுக்கு ஆட்சேபணை இல்ல."

தீனதயாளன் விதிப் புத்தகத்தை மறுபடி எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். அந்த வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அதுக்குத் தடை ஒண்ணும் சொல்லல. எந்தக் காகிதமும் வேண்டியதில்ல. இப்பவே போலாம்," என்றார்.

அமிர்தம் நிமிர்ந்து சின்னப்பொண்ணைப் பார்த்தாள். சின்னப்பொண்ணு கொண்டையை அவிழ்த்து முடியைத் தளர விட்டாள். அந்த அறையில் அப்போது உடுக்கையும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. காற்றாடி மட்டும் கீச்சு கீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணிக்கு மாட்டுக் கொட்டகை ஞாபகம் வந்திருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இடுப்பில் பலம் இருந்தது, தரையில் படுத்தார். இப்போது மூட்டுவலி.

"பேனா குடுங்க சார்," என்றார்.

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆவணும்," என்று தைலம்மாள் அவர் காதில் விழும்படியே சொன்னாள். கையெழுத்து விழுந்தது. உறவுமுறை என்ன என்று கேட்டதற்கு, தங்கச்சி என்று எழுதுங்கள் என்றாள் சின்னப்பொண்ணு. சாதி என்ற இடத்தில் தீனதயாளன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மறந்துவிட்டது என்றே எழுதினார். அதே கையோடு காசிநாதன் காகிதத்தையும் இழுத்து, கால் தரையில் படுகிறது, நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவனை ஆறு மாசமும் அவளை ஒரு மாசமும் நாயாக அலைய வைத்த இரண்டு வேலையும் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் முடிந்தன. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று காசிநாதன் கேட்டான். முதல் நாள் எனக்கு இது தோன்றவில்லையே என்றார் அவர். மனுஷன் உண்மையைத்தான் சொன்னார், என்ன செய்வது?

ஒரே ஒரு சடங்கு பாக்கியிருந்தது. பேர் சேர்த்தால் போதாது, ஆள் அந்த விலாசத்தில் குடியிருக்கிறாளா என்று தீனதயாளன் நேரில் வந்து பார்க்க வேண்டும். அதற்கு முன்னால், ஆணி இறங்கிய இடத்தில்தான் அவள் நிலைப்பாள், மரமோ சுவரோ எங்கேயாவது அடித்தாக வேண்டும் என்று மாயவன் சொல்லிவிட்டான். எல்லோருமாக நைனார்பாளையம் போனார்கள். மாட்டுக் கொட்டகைத் தூணில் அடித்துவிடலாம் என்று தெய்வசிகாமணி ஆசைப்பட்டார். மாயவன் அவரைக் கவனிக்காமல் அமிர்தத்தின் பக்கம் திரும்பினான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேயிடம் எத்தனையோ கேள்வி கேட்டவன், இந்தக் கேள்வியை மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"எங்கம்மா அடிக்கட்டும்?"

அமிர்தம் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கூடத்தைப் பார்த்தாள், அறைகளைப் பார்த்தாள், அவசரமே படவில்லை. அடுப்பங்கரைக்குள் போய், அரிசிப் பானைக்கு மேலே, வாசலும் தெருவும் தெரிகிற இடத்தில் விரலை வைத்தாள். மாயவனுக்குக் கை நடுங்கியதால் சுத்தியலைச் சின்னப்பொண்ணு வாங்கிக்கொண்டாள். அடிப்பதற்கு முன்னால் ஆணியில் சுற்றியிருந்த முடியைப் பதமாகப் பிரித்தெடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துப் பின்னிக்கொண்டாள். அது அப்படியே பிடித்துக்கொண்டது. பிறகு ஓங்கி அடித்தாள். நாலு வீடு தள்ளிக் கேட்டது.

தீனதயாளன் மறு வாரம் பைக்கில் வந்து சுவரைப் பார்த்தார், ஆணியைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார், விலாசம் சரி என்று எழுதிக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனார். மோர் நன்றாகப் புளித்திருந்தது. எண்பத்தொன்பதில் போராட்டக்காரர்கள் கேட்டதில் கொஞ்சம் கிடைத்தது. ரோட்டோரம் புதிதாகப் புளியங்கன்று நட்டார்கள். அதில் குடிவர யாரும் இல்லை. மந்தைவெளித் தெருக்காரிகளுக்கு அடுத்த மார்கழியில்தான் புத்தி வந்தது. மாவுப் பானைக்கு வேடு கட்டிச் சாயங்கால பஸ்ஸில் நைனார்பாளையம் அனுப்பிவிட்டுக் காலை பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பானைக்கு அரை டிக்கெட் என்று கண்டக்டர் வாங்கிக்கொள்வார். தெய்வசிகாமணி கடைசிவரை கட்டிலில்தான் படுத்தார், யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் பெண்கள் இருவரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். சின்னப்பொண்ணு கடைவீதியில் பேரம் பேசினால் இப்போது பஸ் ஸ்டாண்டுவரை கேட்கும். வெள்ளைத் தலையில் அந்த ஒரு கற்றை மட்டும் கருப்பாக இருப்பதைப் பார்த்து, மை தடவுகிறாயா என்று யாராவது கேட்டால், அது வேற எடத்துல இருந்திச்சி, இப்பதான் வந்திச்சி என்பாள். அடுப்பங்கரைச் சுவரில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது. மூன்று பேர் கார்டும் ரேஷன் பையும் அதில்தான் தொங்குகின்றன.